ஒரு மாத்திரை பொறுக்கவும்

ஒரு விநாடியை நாற்பத்தெட்டாயிரமாக அரிந்து
ஒவ்வொரு கீற்றுக்கும் ஓர் எண் கொடுத்தால்
அதற்குப் பெயர் ஒலி.
உவர்மலையில், மின்விசிறி இரைகிற வாடகை அறையில்
எனக்கு அதுதான் வேலை.

நான் எழுதுவது நிரல் அல்ல,
நிரல் எழுதுவதற்கு ஒரு மொழி.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
வினைச்சொற்கள் ஏழு. கன்னியாக் கிணறுகளைப் போல
பக்கத்துப் பக்கத்தில், வேறு வேறு சூட்டில்.
நேரத்தை அளக்க மட்டும் பழைய சொல்லை எடுத்துக்கொண்டேன்:
மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று
வகுப்பில் விரல் சொடுக்கிப் படித்த அதே மாத்திரை.

பாடநூல் அவனைத் தொகுப்பான் என்கிறது,
எதிர்கால வினைமுற்றுப் போல.
நாளைக்குத் தொகுப்பான்.
இன்றைக்குப் பிழை மட்டும் சொல்கிறான்.

இன்னும் வராத ஒலியைக் கேட்டு
இந்த ஒலியைச் செய்ய விடாதே என்றேன்.
விடவில்லை.
தன் வாலைத் தானே விழுங்கும் வளையத்தை ஏற்காதே என்றேன்.
சிவப்பு எழுத்தில் என்மேலேயே எரிந்து விழுந்தான்:
"வரி பதினெட்டு. தன்னைத் தானே கேட்க வேண்டுமானால்
ஒரு மாத்திரையாவது பொறுக்கவும்."
அந்த வாக்கியத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான்.
இரவு இரண்டு மணிக்கு
வேறு யாரோ எழுதியதாக இருந்தது.

நிறுவலை அச்செடுத்து பஸ் நிலையத்தில் நின்றபோது
மான் ஒன்று வந்து மூன்றாம் பக்கத்தைத் தின்றது.
இந்த ஊர் மான்களுக்குக் காடு தெரியாது,
பார்சல் தாள் தெரியும்.
துணைத்தேற்றம் இரண்டில் ஓட்டை என்று
அடுத்த கிழமைதான் கண்டுபிடித்தேன்.
மூன்றாம் பக்கம்.

பிறகு நௌபரின் படகு.
கோணேசர் மலைக்கு வெளியே
கடல் சட்டென்று கால் விடுகிற இடத்தில்
எஞ்சினை நிறுத்தினார்.
ஒலிவாங்கியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம்.
ஹெட்போன் முதலில் அவருக்குத்தான்,
படகு அவருடையது.
நெடுநேரம் வெயிலில் கண்ணை மூடியிருந்தார்.
நான் பற்றரி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து
என் மொழியில் முதல் முழு நிரலை எழுதினேன். பதினொரு வரி.
பதிவில் வெடிக்கிற சொடுக்குகளைப் பிடித்து
இரு பக்கத்து எண்களால் மூடித் தைத்துவிடும்.
ஐந்து மில்லிசெக்கனுக்குள், ஒருமுறையும் பிந்தாமல்.
அன்றைக்குத் தொகுப்பான் ஒன்றும் பேசவில்லை.
கடல் பட்டுப்போல் ஓடியது.

டீசலுக்கு மிச்சக் காசு வாங்க வந்த நௌபர்
நின்றபடியே கேட்டார்.
"நல்லாயிருக்கு மிஸ். அது எங்க?"
எது?
"கதவு தட்டினமாதிரி,
டொக் டொக்கெண்டு வந்ததே."
அது இரைச்சல் என்றேன்.
"இல்ல மிஸ். அது திமிங்கிலம்."

என் தேற்றம் சரி.
எந்தச் சொடுக்கும் மிஞ்சாது என்று நிறுவியிருந்தேன்.
மிஞ்சவில்லை.

மின்சாரம் போன பிறகு, மிச்ச பற்றரியில்
மூலப் பதிவைத் திறந்தேன்.
அடித்து, நிற்கிறது.
அடித்து, நிற்கிறது.
கீழே இருட்டில் எங்கோ தரையைத் தொட்டு
தன் சத்தம் திரும்பும்வரை
ஒரு விநாடிக்கு மேல், அறுபதாயிரம் கீற்று,
அடுத்ததை அடிக்காமல் வைத்திருக்கிறது.
வரி பதினெட்டில் நான் எழுதிய வளையம்.
இதைத் தொகுப்பான் ஏற்றிருப்பான்.

பதினொரு வரியையும் அழிக்க மனம் வரவில்லை.
ஏழாவதை மட்டும் அழித்தேன்.
ஓட்டினேன்.
ஹெட்போன் நௌபரிடம் போய்விட்டிருந்தது.
மடிக்கணினியின் மெலிந்த ஒலிபெருக்கியில்
காதை வைத்து

பொறுத்தேன்.