காணாமல் போன அறுபது வருஷம்

பாம்பாறு கடலைத் தொடுமிடத்தில்
மாசி மாதம் ஒரு குழாய் இறக்கினோம்.
முழங்கால் சேறு, நண்டு வளை,
சம்மட்டி பிடிக்க சேவுகமூர்த்தி.
ஒன்றேகால் மீட்டர் களிமண்
மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தது.

தூண்டில் நரம்பால் நீளவாக்கில் அறுத்தேன்.
முப்பத்தெட்டாவது சென்டிமீட்டரில்
எந்தெந்தத் தேசமோ வெடித்துப் பார்த்த
குண்டுகளின் தூசி. அறுபத்து மூன்றாம் வருஷம்.
உலகத்துச் சேறெல்லாம் அந்த வருஷத்தை
ஏறத்தாழ ஒரே கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறது.
அதற்கும் மேலே வரவர
ஆறு கஞ்சனாகிவிட்டது.
ஒரு மழைக்காலத்துக்கு
ஒரு நகத்தின் தடிமன்கூடத் தரவில்லை.

"வர வேண்டிய மண்ணு எங்க நின்னு போச்சு?"
என்றான் சேவுகமூர்த்தி.
ஆற்றைப் பின்னாலிருந்து படிப்பதைத் தவிர
வேறு வழி இல்லை.

கண்டனூருக்குத் தெற்கே உடையான் கண்மாய்.
சித்திரை வெயில்.
மடையடியில் ஓர் எருமை படுக்கும் அளவே தண்ணீர்.
குழாய் இங்கே லேசாக இறங்கவில்லை,
உச்சியில் அடிவாங்கி வாங்கி
வாய் பிளந்துவிட்டது.

அடியில் சாம்பல் நிறம், ஒரு தாமரை விதை,
யாரும் அதிகம் தொடாத காலம்.
பிறகு திடீரென்று வெள்ளை:
சுண்ணாம்புக் கரைசல், அரைத்த சிப்பி,
முட்டை ஓட்டின் துணுக்குகள்.
ஆயிரம் சன்னல் வீடுகளுக்குச் சுவர் பூசியவர்கள்
கை கழுவிய தண்ணீர்,
இரண்டு விரற்கடை.
வீட்டுக்காரர் பெயர் முகப்பில் இருக்கிறது.
கழுவிய கை இங்கே இருக்கிறது.

அதற்கு மேல் கரித்துகள், அரிசி ஆலைக் கொதிகலன்.
அதற்கு மேல் காவி, தளக்கல்லுக்குக் கலந்த சிவப்பு,
மழை அடித்துக் கொண்டுவந்தது.
இதே சிவப்பைத்தான் கழிமுகத்திலும் பார்த்தேன்,
எழுபது மைல் நடந்து இளைத்துப்போய்.

அப்புறம் ஒரு கோடு.
கத்தியால் கீறினாற்போல, நேராக.
கோட்டுக்கு மேலே ஷாம்பு பாக்கெட்டின் ஓரம்,
யூரியா மூட்டையின் பச்சை நூல்,
சீமைக்கருவேல மகரந்தம் மகரந்தமாக.
கோட்டுக்குக் கீழே காவி.
நடுவே குண்டுத்தூசி இல்லை.
அறுபத்து மூன்று இல்லை, எண்பது இல்லை,
பஞ்சத்துக்குப் பர்மிட் அரிசி வந்த வருஷம் இல்லை,
சிங்கப்பூர்ப் பணம் வந்த வருஷம் இல்லை.
சேறு பொய் சொல்லாது என்று
வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
சேற்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று
சொல்லவில்லை.

கரையில் ஆடு பார்த்துக்கொண்டிருந்த அம்மாசி
சிரிக்காமலே சொன்னார்:
"தூர் வாரினாகல்ல. ரெண்டு மாசம் பொக்லைன்.
மண்ணு பூராம் சூளைக்குப் போயிருச்சு."

சூளையில் விசாரித்தேன்.
ஒரு லோடு தேவகோட்டை ரோட்டில் கல்யாண மண்டபம்,
ஒரு லோடு யாரோ துபாய்க்காரர் காம்பவுண்டு,
மிச்சம் இங்கேயே, ரேஷன் கடை.

வடக்குச் சுவர் இன்னும் பூசப்படவில்லை.
செங்கல் செங்கலாக
வரிசை மாறி அடுக்கிய அறுபது வருஷம்.
எது முன்னே, எது பின்னே, கொத்தனாருக்கும் தெரியாது.
ஒரு கல்லில் தாத்துப்பூச்சி ஓடு வெந்திருந்தது.
இன்னொன்றில் நத்தை.
நெருப்பில் கொஞ்சம் போயிருக்கும்,
கொஞ்சம் இருக்கும்.

உளியை வைத்ததும் எடை போடும் பாக்கியவதி
தராசை விட்டு எழுந்து வந்தாள்.
"சொவத்துல என்னக்கா தேடுறீக?"
"உங்க கண்மாயை."
"அதான் தெக்கால கெடக்கே" என்று
வரிசையில் நின்றவர்களுக்கு
மறுபடியும் பருப்பு அளக்கப் போய்விட்டாள்.

நோட்டில் எழுதினேன்:
மாதிரி எண் பதினான்கு. ரேஷன் கடை, வடக்குச் சுவர்.
நிறம் என்ற கட்டத்தில் செங்கல்.
ஆழம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒரு கழித்தல் குறி போட்டு
நூற்றுப் பத்து சென்டிமீட்டர்.