அடித்தட்டு

புது நூலகத்தில் என் பங்கு தளபாடம்.
அலமாரி, நாற்காலி, மேசை விளிம்பு,
மனிதரும் காகிதமும் உரசும் இடமெல்லாம்.

பெப்ரவரியில் சூரிக்கிலிருந்து ஆலோசகர் வந்தார்.
"புத்தகங்களை நிலவறைக்கு அனுப்புங்கள்.
கேட்டால் இயந்திரக் கை எடுத்துத் தரும்.
மேலே மாணவருக்கு வெளிச்சம் போதும்."
சதுர மீட்டருக்கு எத்தனை பிராங்க் மிச்சம் என்று
திரையில் ஒளிர்ந்தது.
நூலகர் எடித் சுர்கிண்டன் ஒன்றுதான் கேட்டார்:
"தேடாத புத்தகத்தை அந்தக் கை எப்படி எடுக்கும்?"
கூட்டம் அத்தோடு சரி.

வரையத் தொடங்கினேன்.
சார்ஜ் போடும் இடங்களை வாசலில் வைக்கவில்லை,
அலமாரிகளைத் தாண்டி ஜன்னலோரம் வைத்தேன்.
கைபேசி சாகக் கிடப்பவன்
ரோமச் சட்டத்தையும் பாறைகளையும் கடந்துதான் போகவேண்டும்.
சூழ்ச்சிதான், ஒத்துக்கொள்கிறேன்.
வரிசை முடியும் இடத்தில் முழங்கை அகலப் பலகை,
நின்றபடி நாலு பக்கம் புரட்ட.
உட்கார்ந்தால் படித்தாக வேண்டும்,
நின்றால் சும்மா பார்க்கலாம்.
சும்மா பார்ப்பவருக்காகத்தான் இத்தனை கோடும்.

பிறகு இரவல் கணக்கு.
பத்து வருடத்தைத் தட்டு வாரியாகப் பிரித்தேன்.
கண்மட்டத்தில் முதுகுகள் நைந்திருந்தன.
அடித்தட்டில் பொன்னெழுத்து மங்கவே இல்லை.
யார் குனிவார்?
நான் குனிந்தேன், அளவு நாடாவோடு.
பிறகு மண்டியிட்டேன்.
பிறகு கன்னத்தைத் தரையில் வைத்தேன்.
"ஏதாவது தொலைந்துவிட்டதா?" என்றான் ஒரு மாணவன்.
"இன்னும் தெரியவில்லை."

தட்டை ஒரு சாண் உயர்த்தி
பதினெட்டுப் பாகை மல்லாத்தினேன்.
இனி அவை அண்ணாந்து பார்க்கும்.
ஆனால் உயர்த்திய சாணில்
அலமாரிக்கு ஒரு தட்டு போயிற்று.
முந்நூறு அலமாரி, தட்டுக்கு முப்பது.
ஒன்பதாயிரம் புத்தகம்
நிலவறைக்கு.

சுர்கிண்டன் கண்ணாடியைக் கழற்றினார்.
துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.
"எந்த ஒன்பதாயிரம் என்பதை
நீங்கள் வரையப்போவதில்லை, இல்லையா?"

மார்ச், ஏப்ரல், மே.
பென்சிலும் கையுமாக அவர் ஒவ்வொன்றாய்த் திறந்து மூடினார்.
நான் மாலைகளில் கீழ் நகருக்கு
கயிற்று ரயிலில் இறங்கினேன்.
மேல் நகரின் கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பி
ஒரு பெட்டி இறங்கும், அந்தக் கனத்தில் மற்றது ஏறும்.
மின்சாரம் கிடையாது.
நடுவழியில் இரண்டும் விலகிக் கடக்கையில்
எதிர்ப்பெட்டிப் பெண் என்னைப் பார்த்தாள்,
நானும் பார்த்தேன்.
ஃபிரிபூரில் இதற்கு யாரும் முகமன் சொல்வதில்லை.

திறப்புக்கு முந்திய நாள்
கடைசித் தள்ளுவண்டி லிஃப்டுக்குக் காத்திருந்தது.
மேலாக ஒரு மெல்லிய நூல்,
சாரின் ஆற்றுப் பாசிகள் பற்றி, பிரெஞ்சில்.
அச்சகத்தில் மடித்த தாள்கள்
மடித்தபடியே.
தொண்ணூறு வருடமாக ஒரு கத்தியும் தொடவில்லை.
சுர்கிண்டன் கடிதம் பிரிக்கும் கத்தியை நீட்டினார்.
முதல் மடிப்பு கறுக்கென்றது,
மாவுபோல் தூசி என் மடியில்.

பாசியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?
ஆனாலும் இரவல் எடுத்தேன்.
நிரோஜினி சபாநாதன், நான்கு வாரத் தவணை.
திருப்பும்போது இதன் இடம் மேலா கீழா என்று
அவர் சொல்லவில்லை.
லிஃப்ட் வந்தது.
நான் கேட்கவும் இல்லை.