பெருக்கல்

மேலூர் பாசனப் பிரிவில்
என்னிடம் கொடுத்த அட்டவணையில்
ஒரு வரிகூட உறுதியாகப் பேசாது.

ஊமச்சி கண்மாய் நிரம்பும்: ஐம்பது சதம்.
அதன் வடக்கு மடை திறக்கும்: எண்பது.
தெற்கு மடை திறக்கும்: எண்பது.
பலகை உளுத்ததா, திருகு துருவேறியதா,
மடைக்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டாரா,
எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்பது.
வடக்குச் சாவி சீனிச்சாமியிடம்,
தெற்குச் சாவி லூர்துசாமியிடம்.
இருவருக்கும் ஏழு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.
கணக்குக்கு அது நல்லது.

இப்படி நாற்பது வரி.
ஒவ்வொன்றும் மெய்யாகலாம், பொய்யாகலாம்.
ஆக, லட்சம் கோடிக்கும் மேலான மேலூர்கள்
என் மேசைக் கணினிக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன.
ஒன்றில் கலிங்கு தாண்டித் தண்ணீர்.
ஒன்றில் வரத்துக்கால் முழுக்க வேலிக்கருவை.
ஒன்றில் சீனிச்சாமிக்குக் காய்ச்சல்.
ஒவ்வொரு மேலூராய் இறங்கி எண்ணிவிட்டு வரும்வரை
எந்த ஐப்பசியும் காத்திருக்காது.

புரட்டாசி முதல் வாரம் பாண்டிமீனா வந்தார்.
ஒன்றரை ஏக்கர். கடனுக்கு வாங்கிய விதைநெல்.
கையில் சுருட்டிய அடங்கல் நகல்.
"ரெண்டு வாய்க்காலும் என் வயல்லதான் வந்து முடியுது.
ஏதாச்சும் ஒண்ணுல தண்ணி வருமா, வராதா?"

கண்மாயை வடக்கு மடையோடு பெருக்கினேன்: நாற்பது.
கண்மாயைத் தெற்கு மடையோடு பெருக்கினேன்: நாற்பது.
இரண்டும் சேர்ந்து பொய்க்க முப்பத்தாறு.
மிச்சம் அறுபத்துநான்கு.
"பாதிக்கு மேலேயே இருக்கு" என்றேன்.
அன்று சாயங்காலமே நாற்றங்காலுக்கு ஆள் சொல்லிவிட்டார்.

ராத்திரி பஸ். ஜன்னலோரம்.
ஒத்தக்கடையில் நிலா வெளிச்சத்தில் யானைமலை.
மேலூர்ப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு மலை,
நரசிங்கம் பக்கம் திரும்பினால் வேறு மலை.
பாறை ஒன்றுதான்.
டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவைத் தேய்த்தேன்.

மடைகளை முதலில் முடிக்க வேண்டும்.
இரண்டும் திறக்காமல் போக வெறும் நான்கு.
ஒன்றாவது திறக்கத் தொண்ணூற்றாறு.
அதற்குப் பிறகு, ஒரே ஒருமுறை, கண்மாய்.
நாற்பத்தெட்டு.

அவ்வளவுதான்.
எந்த மேலூருக்குள்ளும் கால் வைக்கவில்லை.
மடைகளைக் கண்மாய்க்குள் கூட்டி,
கண்மாய்களை ஊருக்குள் கூட்டி,
நாற்பது வரியை நாற்பது எட்டில் கடந்துவிடலாம்.
வரிசை மாறினால் மட்டும்
இல்லாத தண்ணீர் ஊறத் தொடங்கும்.

காலையில் போன் போட்டேன்.
"நேத்து அறுபத்துநாலு. இன்னைக்கு நாப்பத்தெட்டு.
நடுவுல பதினாறு எங்கய்யா போச்சு?"

எங்கும் போகவில்லை, அம்மா.
அது இருந்ததே இல்லை.
ஒரு கண்மாயை நான் இரண்டு முறை நிரப்பிவிட்டேன்.

கொஞ்சநேரம் மறுமுனையில் கோழிச் சத்தம்.
"மடையா" என்றார்.
தொழிலையா, என்னையா என்று கேட்கவில்லை.
முக்கால் ஏக்கர் மட்டும் நட்டதாகப் பிறகு தெரிந்தது.

எல்லாக் கேள்வியும் இப்படி மடங்கிக் கொடுப்பதில்லை.
கொட்டாம்பட்டிப் பக்கம்
மூன்று கண்மாய், மூன்று ஊரணி,
இடையில் குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால்.
கண்மாயை முன்னால் வைத்தால் ஊரணி இரட்டிக்கிறது,
ஊரணியை முன்னால் வைத்தால் கண்மாய் இரட்டிக்கிறது.
எந்த வரிசையும் ஒத்துவரவில்லை.
வாய்க்கால் கூடக்கூட எண்ணி முடிவதும் இல்லை.
அங்கே பத்தாயிரம் ஐப்பசிகளைச் சோழியாய் உருட்டிப்போட்டு
எத்தனையில் வயல் நனைந்தது என்று பார்த்தேன்.
"சுமாராக" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அந்த ஒரு சொல்லுக்கு மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார்.

நேற்று பாண்டிமீனாவிடமிருந்து குரல்செய்தி:
"சீனிச்சாமி மக வீட்டுக்குப் போயிட்டாரு,
தை வரைக்கும் வரமாட்டாராம், சாவியும் அவருட்டதான்.
வடக்க அழிச்சிரு."

அழித்தேன்.
நாற்பது.