போண்டாவின் பட்டா

பகல் முழுக்க நாகலூரில், ஒரு மிளகுத் தோட்டத்து வரப்பில்,
அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் கத்த
நடுவில் டேப்பைப் பிடித்து நின்றேன்.
இரண்டு பேர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால்.
புலப்படத்தை விரித்துக் காட்டினேன்.
படத்திலும் ஒரு கால் குறைகிறது என்றார்கள்.

வீட்டுக்கு வந்தால்
என் சோபாவில்
நான்கு காலோடு ஒரு முயல்.

சோபா என் சம்பளத்தில் வாங்கியது.
ஓமலூரிலிருந்து டெம்போவில் ஏறி
இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி
ஜெரீனாக்காட்டு வீட்டுக்குள் நுழைந்தது,
நானும் நுழைந்த அதே வெள்ளிக்கிழமை.
மரியசெல்வனுக்கு இரண்டாம் கல்யாணம், எனக்கு முதல்.
ரெனிட்டாவுக்கு எத்தனையாவது என்ன என்று
யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
பதினோரு வயது.
போண்டா அவளுடைய முயல்.

முதல் ராத்திரியே வலது மூலையில் பெய்தது.
காய்ந்ததும் வெள்ளையாய் ஒரு சுண்ணாம்புக் கோடு,
தோட்டங்களில் நான் போடுகிற அதே கோடு,
என்னுடையதைவிட நேராக.
வினிகர் தெளித்துத் துடைத்தேன்.
மறுநாள் இடது மூலை.
உறையைக் கழற்றி ஊறவைத்தேன்.
ஐப்பசி மழை, மூன்று நாளாகக் காயவில்லை,
வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியது.

பிறகு தாடையைத் தேய்க்கத் தொடங்கியது.
மேஜைக் கால், காஸ் சிலிண்டர், என் செருப்பு வார்,
தாலுகா ஆபீஸ் கோப்புகள் இருந்த பை.
எந்த மனித மூக்குக்கும் எட்டாத மசியில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனது.
இத்தனை சுறுசுறுப்பாய்க் கையெழுத்திடும் ஓர் ஆளை
என் பன்னிரண்டு வருட சர்வீசில் பார்த்ததில்லை.

“அதுக்குப் புது வாசனை பிடிக்கல” என்றாள் ரெனிட்டா,
நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.
எந்த வாசனை என்று நான் கேட்கவில்லை.

காப்பி பறிப்புக் காலம், மரியசெல்வனுக்கு லீவில்லை.
அவளும் நானும் கூடையும்
சேலத்துக்கு பஸ் ஏறினோம்.
பதினோராவது வளைவில்
என் மடியில் வாந்தி எடுத்தாள்.
இட்லி, பால், இன்னும் ஏதோ மஞ்சளாக.
கண்டக்டர் பழைய பேப்பரை நீட்டினார்.
அவள் அதை வாங்கவில்லை.
வாய் துடைக்க என் முந்தானையைத்தான் எடுத்தாள்,
எடுத்ததை விடாமலே
தோளில் சாய்ந்து அடிவாரம் வரைக்கும் தூங்கினாள்.
ஈரம் முழங்கால் வரை இறங்கியது.
நான் அசையவில்லை.
கூடைக்குள் போண்டா பின்னங்காலால் ஓங்கித் தட்டியது,
ஆட்சேபணை மனு.

“கடுவன், வயசுக்கு வந்துடுச்சு” என்றார்
ஐந்து ரோடு டாக்டர், காதைத் திருப்பிப் பார்த்தபடி.
“ஆபரேஷன் பண்ணினா முக்கால்வாசி நின்னுடும்.
மிச்சம் பழக்கம்ங்க.
எந்த மூலைக்குப் போகுதோ அங்கயே
புல்லு போட்டு ஒரு தட்டு வெச்சிருங்க.
அது கோவத்துல பண்றதில்ல.
தன் விலாசத்தை எழுதி வைக்குது, அவ்வளவுதான்.”
சொல்லும்போது என் சேலையைப் பார்த்தார்.
ரெனிட்டா சுவரிலிருந்த நாய் படத்தைப் பார்த்தாள்.

தையல் ஆறி ஒரு மாதம். பெய்வது நின்றுவிட்டது.
சோபா மூலையில் புல் நிரப்பிய தட்டு.
வருகிறவர்கள் நாற்காலி கேட்கிறார்கள்.
ஆனாலும் விடிந்து பார்த்தால்
மெத்தையில் நான்கு புழுக்கை,
மிளகைவிடப் பெரிது, கொண்டைக்கடலைக்குச் சிறிது.
இன்று மூன்றைப் பெருக்கிவிட்டு
நாலாவதன் முன்னால் துடைப்பத்தோடு நிற்கிறேன்.

இரு தரப்புக்கும் நோட்டீஸ் தராமல்
எல்லைக்கல்லைப் பிடுங்கக் கூடாது என்பது
எங்கள் துறையில் விதி.
ஒரு தரப்பு பள்ளிக்கூடம் போயிருக்கிறது.
இன்னொரு தரப்பு மேஜைக்கடியில்
முள்ளங்கித் தழையை மென்றபடி என்னைப் பார்க்கிறது.

எனக்கு ஒன்பதரைக்கு நாகலூர் பஸ்.
சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.