தாமதிக்க அனுமதி

பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள்.
அதற்கும் மேல் அலுமினியத் தாள் சுற்று.
வெயில் பட்டால் மருந்து உடைந்துவிடும்,
ஆய்வகம் சேரும்வரை
அது உடையக் கூடாது.

காலை ஏழு பத்து. பீஷான்.
ஹைருல் கல்லின்மேல் நின்று கயிறு விடுகிறான்.
குழாய் வாயருகே ஒன்று,
கோரைப் புதர் தாண்டி இரண்டு,
மூன்றாவது வளைவுக்குக் கீழே.

முன்பு இதை ஆறென்று யாரும் சொன்னதில்லை.
நீண்டு கிடந்த சிமெண்டுத் தொட்டி.
மழை விழுந்தால் ஒரே ஓட்டம்,
கதவு மூடப்போகும் ரயிலைப் பிடிக்கிறவர்கள் மாதிரி,
எங்கோ விரிசல் விட்ட பழங்குழாய் கசிந்ததையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு
கடல் பக்கம்.

பிறகு சிமெண்டை உடைத்தார்கள்.
வளைவுகள் கொடுத்தார்கள்.
இந்த ஊரில்
தாமதமாக வர அனுமதி பெற்றது
இது ஒன்றுதான்.

கல்லின் வழுவழுப்பில்
கண்ணுக்குத் தெரியாத குடித்தனங்கள்
வருவதையெல்லாம் கடித்துப் பார்க்கின்றன.
வேர் கொஞ்சம் பிடித்துவைக்கிறது.
சேறு கொஞ்சம்.
மீதியைக் கணுக்கால் ஆழத்தில்
வெயில் பார்த்துக்கொள்கிறது,
நான் தாள் சுற்றித் தடுக்கிற
அதே வெயில்.

மூன்றாம் புட்டியில் எண் சிறுத்திருக்கும்.
பூஜ்யமாக ஒருநாளும் இருந்ததில்லை.
சேற்றையும் ஒரு கரண்டி அள்ளச் சொல்வான் ஹைருல்,
ஒளித்துவைத்ததும் கணக்கில் வரவேண்டுமாம்.

போன மாத அறிக்கையில் ஒரு பெயர்
என் மேசை இழுப்பறையிலும் இருக்கிறது.
பல்வலிக்கு, ஏழு நாள், வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை.
நான்காம் நாள் வலி நின்றது. நானும் நிறுத்தினேன்.
பாக்கி ஒன்பது.
உடம்பு எடுத்துக்கொண்டது போக மற்றது
எந்தக் குழாயில் இறங்கியதென்று தெரியும்.
எந்த விரிசல் வழியென்று தெரியாது.
அந்த ஒன்பதையும் கழிப்பறையில் கொட்ட
ஒரு ராத்திரி கை போனது.
இதை ஹைருலிடம் சொல்லவில்லை.

நீர்நாய் ஒன்று தலை நீட்டி
எங்களையும் புட்டிகளையும் பார்த்துவிட்டு
வாயில் மீனோடு முங்கிப்போகிறது.
அதற்குப் புட்டி எதற்கு?
உடம்பிலேயே சேகரித்துக்கொண்டு போகிறது.

வளைவுக்குக் கீழே ஓட்டமே இல்லை.
புட்டியின் வாயில் ஒரு இலை வந்து நின்று
யோசித்து
விலகிப் போகிறது.

அலுவலகத்திலிருந்து போன்.
எட்டரைக்கு வரவேண்டிய மாதிரி எங்கே?

தண்ணீர் இன்னும்
வந்து சேரவில்லை என்றேன்.