எதிர்பாராதது, பத்து விழுக்காடு

அஜ்மானில் ஏழாம் மாடி, பதினெட்டு வயதுக் கட்டடம்.
விலையைக் கேட்டதும் மலிவு என்றது மனம்.
மலிவுக்குக் காரணம்
குளியலறைக் கூரையில்
தேயிலைக் கறையாய் விரிந்திருந்தது.

விற்கிறவர் எகிப்துக்காரர்,
ஊர் திரும்பும் அவசரத்தில் இருந்தார்.
"ஏசி ஓடுகிறது, கேளுங்கள்" என்றார்.
ஓடத்தான் செய்தது,
இழுப்புக்காரர் மாடிப்படி ஏறுகிற சத்தத்தில்.

நூருல் ஐன் எதுவும் பேசவில்லை.
சமையலறைக் குழாயைத் திறந்து
முதல் அரை நிமிடம் வந்த செந்நீரை
வெள்ளைக் கைக்குட்டையில் பிடித்தாள்,
பிழிந்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.
பேரத்தின்போது அதை விரித்துக் காட்டினாள், அவ்வளவுதான்.
எட்டாயிரம் திர்ஹம் இறங்கியது.

அன்றிரவு ஷார்ஜா வாடகை அறையில்
கட்டில்மேல் கணக்குத் தாள்.
குழாய்க்கு ஒன்பதாயிரம்.
ஏசிக்குப் பதினொன்று, பழையதை அவனே எடுத்துக்கொண்டால் பத்தரை.
இடிபாட்டை இறக்க லிஃப்டுக்கு டெபாசிட்,
அது திரும்பி வருமென்று
யாரும் ஆணையிட்டுச் சொல்லவில்லை.
கடைசி வரியில் எழுதினேன்:
எதிர்பாராதது, பத்து விழுக்காடு.
"எதிர்பார்த்து எழுதிவிட்டு
அதற்கு இந்தப் பெயரா?" என்றாள்.

ஒப்பந்தக்காரர் குல்ஜார், பெஷாவர்.
தர்பூசணி வாங்குகிறவர் போல
தரையெங்கும் தட்டிப் பார்த்தார்.
கூடத்தின் மூலையில் ஓர் ஓட்டைப் பெயர்த்தார்.
வெள்ளைக்கு அடியில் நீலம்.
நீலத்துக்கு அடியில் பழுப்பு.
உடைக்கக் காசில்லாமலோ, நாளில்லாமலோ
முன்னவர் தரைமேல் தம் தரையை ஒட்டிவிட்டுப்
போயிருக்கிறார்கள்.
எத்தனை விசாக்களின் மேல் நிற்கிறோம்
என்று எண்ணிக்கொண்டேன்.
"எல்லாம் உரித்துவிடலாம்" என்றார்.
தாளில் ஒரு வரி கூடியது.

பிறகு கேட்டார்:
"குளியலறை நீர்த்தடுப்பு
பத்து வருஷ வாரன்ட்டிக்கு ஏழாயிரம்,
மூன்று வருஷத்துக்கு மூவாயிரம். எது?"

இதைவிடச் சின்னக் கேள்வி கிடையாது.
என் விசா பதினான்கு மாதத்தில் முடிகிறது.
போன வியாழன் எங்கள் பிரிவில்
நான்கு மேசைகள் துடைத்து வைக்கப்பட்டன.
பத்து என்று சொல்ல நாக்கு எழவில்லை.
மூன்று என்று சொல்ல வெட்கம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
"சிமெண்ட் யோசிக்காது, சாப்."

நூருல் ஐன் பேனாவை வாங்கினாள்.
பொய்க்கூரையை அடித்தாள்.
புது அலமாரிகளை அடித்துப்
பழைய கதவுகளுக்குப் பெயின்ட் என்றெழுதினாள்.
நான் ஆசைப்பட்ட தொங்குவிளக்கை
என் முகத்தைப் பார்க்காமலே அடித்தாள்.
எழுதினாள்: நீர்த்தடுப்பு, பத்து ஆண்டு.

"நாம் இருப்போமா?" என்றேன்.
"கறையைக் கேட்க ஆறாம் மாடிக்குப் போனேன்.
பிலிப்பைன்ஸ்காரி, ஆறு மாதக் கர்ப்பம்.
நம் குளியலறைக்கு நேர் கீழே
தொட்டில் போட்டிருக்கிறாள்" என்றாள்.
நான் கேட்டதற்கு அது பதிலில்லை.
இருந்தும் கையெழுத்துப் போட்டேன்.

முப்பது நாள் என்றது நாற்பத்தேழானது.
குழாயில் நீர் நிறமற்று வந்தது.
பத்து விழுக்காடு இருபதாம் நாளே தீர்ந்திருந்தது.

குடிவந்த இரவு
வாசல் கதவைச் சாத்தினால்
அடியில் இரண்டு விரல் இடைவெளி.
தரை உயர உயர
ஒவ்வொருவரும் கதவின் அடியை அறுத்திருக்கிறார்கள்.
தரையை இறக்கிவிட்டோம்.
கதவு பழைய உயரத்திலேயே தொங்குகிறது.

நடைபாதை வெளிச்சம்
அதன் வழியே உள்ளே வந்து படுத்திருக்கிறது,
யார் வீட்டிலோ பூண்டு தாளிக்கிற மணம்,
கொஞ்சம் மணல்.

புதுக் கதவு எவ்வளவு ஆகும் என்றேன்.
ஒரு துண்டைச் சுருட்டி இடைவெளியில் செருகிவிட்டு
"தாளை நாளைக்கு எடு" என்றாள்.