நானூற்றுப் பதினேழு

மாலை நான்கு மணி. மிதவையில் நிழலே கிடையாது.
மரீனா நீர் அசையாமல் கொதிக்கிறது.
குழாய்களைச் சுற்றிய மணல் இறுகிவிட்டதா என்று
பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தபடி போகிறார் ஹைரில்.
பின்னால் முழங்காலிட்டு நான்:
குண்டுக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஓர் எண்,
ஆயிரத்து நூற்று நாற்பது வரை.
மஞ்சள் நாடாவில் என் கையெழுத்து
வியர்வையில் கலைவதற்குள்
மேலே கண்ணாடித் தாளை ஒட்டிவிட வேண்டும்.

வானத்தை விழுங்கி வைத்திருக்கும் குழாய் என்று
நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.
எங்களுக்கு அது
ஆறங்குலம், தாமிர நீலம், நான்கு நொடி.
நீலம்தான் தொல்லை.
சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும்,
பள்ளிச் சீருடையைப்போல.

ஜோகூர்ப் பக்கம் இருட்டுகிறது.
ஓடு, ஓடு, அலுமினியத் தாள்!
சமையலறையில் மீன் சுற்றுகிற அதே தாள்.
ஒவ்வொரு குழாய் வாயையும் மூடி விளிம்பை அழுத்துகிறோம்.
குண்டு போகும்போது
அதுவே கிழித்துக்கொண்டு போகும்.
பதினைந்து நிமிடம் அடித்துவிட்டு
மன்னிப்புக் கேட்காமல் போனது மழை.

கரையில் மூன்று மணியிலிருந்தே பாய் விரித்தவர்கள்
இப்போது பாயைப் பிழிகிறார்கள்.
ஒருவரும் எழுந்து போகவில்லை.

எட்டு பதினைந்து.
இரும்புப் பெட்டிக்குள் நானும் மெய் ஷுவானும்.
கணினிதான் சுடுகிறது.
என் விரல் ஒரு பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும்,
எடுத்தால் எல்லாம் நின்றுவிடும்.
ஒன்பது வருடமாக இந்த வேலை.
என் தலைக்கு மேல் விரிந்த எதையும்
நான் பார்த்ததில்லை.
சிவப்பு திரையில் ஒரு கட்டம்.
பச்சை இன்னொரு கட்டம்.
மற்றதெல்லாம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கும்,
அதை வைத்தே அங்குலம் சொல்வேன்.

நானூற்றுப் பதினேழில்
இசை நிற்க வேண்டும்.
ஒரே ஒரு குண்டு, பத்தங்குலம், தங்கம்,
தனியாக ஏறி, விரிந்து,
தண்ணீர் வரைக்கும் தொங்கி வழிய வேண்டும்.

இசை நின்றது.
நெஞ்சில் ஒன்றும் இடிக்கவில்லை.

மெய் ஷுவான் என்னைப் பார்க்கவில்லை,
நான் அவளைப் பார்க்கவில்லை.
ஏழு நொடி.
பரிசோதனையில் பச்சை காட்டிய கம்பி அது,
நானே முடிந்தது.
எட்டாவது நொடியில் நானூற்றுப் பதினெட்டு எழுந்தது,
அதற்குப் பிறகு நிற்க நேரமில்லை.

முடிந்ததும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அது விதி.
காற்றில்லாத இரவு, புகை எங்கும் போகவில்லை.
விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து போனேன்.
வாயெல்லாம் கருகிய கிழிசல்.
நடுவில் ஒரு குழாய் மட்டும்
தாள் மடிப்புக் கலையாமல்
நாணயம் மாதிரி பளபளத்தது.
உள்ளே தண்ணீர் ஊற்றினேன்.
குமிழி வருகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன்.
திட்டினேனா என்று நினைவில்லை.

கைப்பேசியில் நாச்சம்மை அண்ணி.
எஸ்பிளனேட் பாலத்தில் இடம் பிடித்திருந்தாளாம்.
முன்னால் நின்றவர் தலை உயரமாம்,
படம் ஒன்றும் தேறவில்லையாம்.
"நடுவில் எல்லாத்தையும் அணைச்சீங்களே,
அது யாரோட யோசனை?
அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்.
அந்த இருட்டில் யாரோ தும்மினாங்க பாரு,
பாலமே சிரிச்சுது."

அறிக்கைத் தாளில் எழுதினேன்:
எண் 417. எரியவில்லை. காரணம், ஈரமாக இருக்கலாம்.
அடுத்த கட்டத்தில் ஒரு கேள்வி,
பார்வையாளர்கள் கவனித்தார்களா என்று.
வழக்கமாக 'இல்லை' என்று போடுவோம்.

'கவனித்தார்கள்' என்று எழுதினேன்.
ஹைரில் எட்டிப் பார்த்துவிட்டு
சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.
நாளை மெய் ஷுவான் விளக்கம் கேட்பாள்.
கேட்கட்டும்.